பாதியா, முழுசா?

அத்தையின் கழுத்தில் ஒரு தழும்பு, அக்காவின் கழுத்தில் ஒரு தழும்பு. இரண்டு பேரும் வாசலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தால் எதிர் வீட்டுக்காரருக்கு இரண்டும் ஒரே ஆபரேஷன் மாதிரிதான் தெரியும். அப்படி இல்லை. 2011-இல் அத்தைக்குத் தைராய்டு முழுவதையும் எடுத்துவிட்டார்கள். 2022-இல் அக்காவுக்கு வலது பாதியை மட்டும் எடுத்தார்கள். அத்தையின் கட்டி 1.6 சென்டிமீட்டர், அக்காவுடையது 1.8. இரண்டும் பாப்பிலரி வகைப் புற்றுநோய், இரண்டும் கழுத்து நெறிக்கட்டிகளுக்குப் பரவாதவை. அதாவது கொஞ்சம் பெரிய கட்டி இருந்த அக்காவுக்குத்தான் கத்தி குறைவாகப் பட்டிருக்கிறது.

இதற்குக் காரணம் டாக்டர் நல்லவரா கெட்டவரா என்பதில்லை, அரசாங்க ஆஸ்பத்திரியா தனியாரா என்பதும் இல்லை. நடுவில் இருந்த பதினோரு வருடத்தில் மருத்துவர்கள் பார்த்து நடக்கும் வழிகாட்டியில் ஒரு பரிந்துரை மாறிவிட்டது, அவ்வளவுதான். அது எப்படி மாறியது என்பது மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டத்து டவுனில் இருக்கும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன், அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. இங்கே ஒரு மருந்துக்கடையில் பன்னிரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன், இரண்டு ஆபரேஷனுக்கும் கூடப் போய் வார்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன்.

அத்தை பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தில் பாலுக்காகப் பட்டையைச் சீவும் வேலை. தோட்டங்கள் எல்லாம் செம்பனைக்கு மாறிய பிறகும் ஒரு சின்னத் தோட்டத்தில் வெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். காலை ஐந்தரைக்குள் மரத்தடியில் இருக்க வேண்டும். ஆபரேஷனுக்கு அப்புறம் அவருக்கு மாத்திரை ஆயுசுக்கும். தைராய்டு சுரக்க வேண்டியதற்குப் பதிலாகக் கொடுக்கும் தைராக்சினை வெறும் வயிற்றில் போட்டு, அரை மணி நேரமாவது கழித்துத்தான் எதையும் சாப்பிடலாம். கூடவே கால்சியம் மாத்திரை, ஏனென்றால் தைராய்டின் முதுகில் ஒட்டிக்கொண்டு நாலு குட்டிச் சுரப்பிகள் இருக்கின்றன, பாராதைராய்டு, ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு பச்சரிசி அளவுதான், ரத்தத்தில் கால்சியம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை அவைதான் பார்த்துக்கொள்கின்றன. தைராய்டை முழுவதும் எடுக்கும்போது நாலுக்கும் அடிபட வாய்ப்பு உண்டு. ஒரு பக்கம் மட்டும் எடுத்தால் அடுத்த பக்கத்து இரண்டு பத்திரமாக இருக்கும்.

இந்தக் கால்சியம் மாத்திரையைத் தைராக்சினோடு சேர்த்து விழுங்கக்கூடாது, நாலு மணி நேரமாவது இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் தைராக்சின் உடம்பில் சரியாக ஏறாது. இதை அத்தைக்கு யாரும் சொல்லவில்லை. அந்த ஆஸ்பத்திரியின் பெயரை எழுதப்போவதில்லை. பையில் மாத்திரையைப் போட்டுக் கொடுத்தார்கள், மலாயில் ஏதோ சொன்னார்கள், அத்தை தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். இருட்டோடு எழுந்து இரண்டையும் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, மேலே ஒரு மங்கு தேத்தண்ணியும் குடித்துவிட்டு வெட்டுக்குக் கிளம்பிவிடுவார். எட்டு மாதம் இப்படியே போனது. ரத்தத்தைச் சோதிக்கும்போதெல்லாம் தைராக்சின் போதவில்லை என்று அளவை ஏற்றிக்கொண்டே போனார்கள். அப்போது நான் கடையில் வேலைக்குச் சேரவில்லை, எனக்கும் தெரியாது.

கால்சியம் குறையும் நாளில் முதலில் உதட்டைச் சுற்றி விறுவிறு என்று எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும், அப்புறம் விரல் நுனி மரத்துப்போகும், அதற்கும் மேலே போனால் கை தானாக மடங்கி இழுத்துக்கொள்ளும். ஒருநாள் மரத்தடியில் அத்தைக்கு வலது கை அப்படி இழுத்துக்கொண்டது. விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கூம்பிப்போய், வெட்டுக்கத்தி காலடியில் விழுந்துவிட்டது. பக்கத்து நிரையில் வெட்டிக்கொண்டிருந்த மாமா, பக்கவாதம் என்று பயந்து மோட்டார் சைக்கிளில் தூக்கி உட்கார வைத்துக் கிளினிக்குக்குக் கொண்டுவந்தார்.

அப்புறம் குரல். அத்தை கோயிலில் பாடுவார், ஆடி மாதம் அம்மன் பாட்டு என்றால் எங்கள் வரிசை வீடுகளில் அவர்தான் எடுத்துக்கொடுக்க வேண்டும். ஆபரேஷனுக்குப் பிறகு பேச்சு சரியாகத்தான் இருந்தது, டாக்டரும் குழாய் விட்டுப் பார்த்துவிட்டுக் குரல் நாண் இரண்டும் நன்றாக அசைகிறது என்று எழுதிவிட்டார். ஆனால் மேல் சுருதிக்குக் குரல் ஏறவே இல்லை. குரல் நாணை அசைக்கும் பெரிய நரம்பைத் தவிர, தைராய்டின் மேல் முனையை ஒட்டி ஒரு மெல்லிய நரம்புக்கிளை போகிறது, குரல் நாணை இழுத்துச் சுருதி ஏற்றுவது அதன் வேலை, அதற்கு அடிபட்டால் பேசும்போது யாருக்கும் தெரியாது, பாடினால்தான் தெரியும் என்று ரொம்ப நாள் கழித்துப் படித்தேன். அத்தைக்கு அதுதான் நடந்ததா என்று யாரும் சோதித்துச் சொல்லவில்லை. அவர் பாடுவதை நிறுத்திவிட்டார்.

சரி, 2011-இல் ஏன் முழுவதையும் எடுத்தார்கள்?

அமெரிக்கத் தைராய்டு சங்கம் என்று ஒரு அமைப்பு இருக்கிறது. அது வெளியிடும் வழிகாட்டியை உலகம் முழுக்க அறுவை மருத்துவர்கள் பார்க்கிறார்கள், நம் நாட்டிலும்தான். அதன் 2009 பதிப்பு, கட்டி 1 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் முதல் ஆபரேஷனிலேயே தைராய்டை முழுவதும், அல்லது ஏறக்குறைய முழுவதும், எடுக்க வேண்டும் என்று சொன்னது. அப்போது அதற்குப் பின்னால் காரணம் இருந்தது. 2007-இல் அமெரிக்கப் புற்றுநோய்ப் பதிவேட்டிலிருந்து 52,173 நோயாளிகளை எடுத்து ஒரு ஆய்வு செய்தார்கள். 1 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் உள்ள கட்டிகளில், பாதி மட்டும் எடுத்தவர்களுக்கு நோய் திரும்பும் ஆபத்து 15 விழுக்காடும் இறக்கும் ஆபத்து 31 விழுக்காடும் கூடுதலாக இருந்ததாக அது சொன்னது. அதைப் படித்த எந்த டாக்டர் பாதியை மிச்சம் வைப்பார்?

இன்னொரு காரணமும் உண்டு, எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. ஆபரேஷனுக்குப் பிறகு ரேடியோ அயோடின் கொடுப்பது அந்தக் காலத்தில் பரவலான வழக்கம். தைராய்டு அணுக்கள் அயோடினை உறிஞ்சும், அந்த அயோடினில் கதிர்வீச்சு இருந்தால் மிச்சமிருக்கும் அணுக்கள் உள்ளேயே அழிந்துவிடும் என்பது கணக்கு. பாதி தைராய்டு அப்படியே இருந்தால் அதுவே எல்லா அயோடினையும் குடித்துவிடும், மருந்து போக வேண்டிய இடத்துக்குப் போகாது. நோய் திரும்புகிறதா என்று பார்க்கும் தைரோகுளோபுலின் ரத்தச் சோதனையும் சுரப்பி முழுவதும் போனால்தான் தெளிவாக எதையும் சொல்லும். ஆக முழுவதும் எடுத்ததில் ஒரு பங்கு நோய்க்காக, இன்னொரு பங்கு பின்னால் வரப்போகும் வைத்தியத்துக்கு வழி விடுவதற்காக. அத்தையும் ரேடியோ அயோடின் எடுத்துக்கொண்டார். அதற்கு முன்னால் சில வாரம் தைராக்சினை நிறுத்தி வைத்தார்கள், முகம் வீங்கி, குரல் தடித்து, படுத்த பாயிலிருந்து எழ முடியாமல் கிடந்தார். கருவாடு கூடாது, முட்டை கூடாது, அயோடின் கலந்த உப்பு கூடாது. கருவாடு இல்லாமல் சோறு இறங்காத மனுஷி. பிறகு தனி அறையில் போட்டுக் கதவைச் சாத்தினார்கள், நாங்கள் கண்ணாடி வழியாகப் பார்த்தோம்.

2014-இல் அதே பதிவேட்டை இன்னொரு குழு புரட்டிப் பார்த்தது. இந்தத் தடவை 61,775 பேர். கட்டி 1 முதல் 4 சென்டிமீட்டர் வரை உள்ளவர்களில், நோயாளிக்கு வேறு என்ன வியாதிகள் இருந்தன, கட்டி சுரப்பிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்ததா, பல இடத்தில் இருந்ததா என்பதையெல்லாம் கணக்கில் சேர்த்துப் பார்த்தபோது, பாதி எடுத்தவர்களுக்கும் முழுவதும் எடுத்தவர்களுக்கும் உயிர் பிழைப்பதில் வித்தியாசம் தெரியவில்லை. பழைய ஆய்வில் யாரும் பொய் சொல்லவில்லை. இவற்றில் பலவற்றை அந்தக் கணக்கு பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த பதிப்பு 2015 வழிகாட்டி. அதில்தான் அந்தப் பரிந்துரை மாறியது: 1 முதல் 4 சென்டிமீட்டர் வரை, சுரப்பியின் உறையைத் தாண்டவில்லை, நெறிக்கட்டியில் பரவியதாகத் தெரியவில்லை என்றால் முதல் ஆபரேஷன் முழுதாகவும் இருக்கலாம், ஒரு பக்கம் மட்டுமாகவும் இருக்கலாம். 4 சென்டிமீட்டருக்கு மேல் போனால், உறையைத் தாண்டி வெளியே வந்திருந்தால், நெறிக்கட்டிக்கோ வேறு உறுப்புக்கோ பரவியிருந்தால் முழுவதும்தான், அதில் மாற்றம் இல்லை. ஆபத்து குறைந்தவர்களுக்கு ரேடியோ அயோடினை வழக்கமாகக் கொடுக்க வேண்டியதில்லை என்றும் அதே பதிப்பு சொன்னது. அந்த வைத்தியமே வேண்டாம் என்றால் அதற்கு வழிவிட முழுச் சுரப்பியையும் எடுக்கும் அவசியமும் போய்விடுகிறது இல்லையா? இரண்டு பரிந்துரைகளும் ஒரே பதிப்பில் வந்தது தற்செயல் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 2025 பதிப்பு இன்னும் ஒரு படி போயிருக்கிறது, 2 சென்டிமீட்டர் வரை உள்ள, பரவாத கட்டி என்றால் பாதியைத்தான் முதலில் நினைக்கச் சொல்கிறது.

"இருக்கலாம், இருக்கலாம்" என்று எழுதியிருப்பது படிக்க எளிதாக இருக்கிறது, அக்கா விஷயத்தில் அதை வைத்து முடிவெடுத்தபோதுதான் எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தது. 2009-இல் டாக்டர் சொல்வார், நாம் கையெழுத்துப் போடுவோம். இப்போது டாக்டர் இரண்டு வழியையும் சொல்லிவிட்டு நம் முகத்தைப் பார்க்கிறார்.

அக்கா கையுறை ஃபேக்டரியில் வேலை பார்க்கிறாள், இரண்டு பிள்ளை. ஆஸ்பத்திரியில் ஒரு மலாய்ப் பெண் டாக்டர், பொறுமையானவர், தாளில் தைராய்டை வரைந்து, வலது மடலில் ஒரு புள்ளி வைத்து, நடுவில் கோடு கிழித்துக் காட்டினார். பாதி எடுத்தால் நரம்புக்கு ஆபத்து ஒரு பக்கம்தான், கால்சியம் விஷயத்தில் கவலை குறைவு, மாத்திரை தேவைப்படாமலே போகலாம், ஆனால் சிலருக்குத் தேவைப்படும். எடுத்த கட்டியை ஆய்வுக்கூடத்தில் அறுத்துப் பார்க்கும்போது ரத்தக்குழாயில் நுழைந்திருப்பது மாதிரி மோசமான அறிகுறி ஏதாவது தெரிந்தால் இரண்டாவது தடவை வந்து மிச்சத்தையும் எடுக்க வேண்டியிருக்கும். முழுவதும் எடுத்தால் அந்த இரண்டாவது தடவை இல்லை. யோசித்துவிட்டு இரண்டு வாரத்தில் வாருங்கள் என்றார்.

அந்த இரண்டு வாரம் வீட்டில் நடந்த பேச்சை எழுதி முடியாது. மாமா ஒரே பிடியாக நின்றார்.

"கெட்டதுன்னு தெரிஞ்சப்புறம் பாதியை எதுக்கு உள்ள வைக்கணும்? முழுசா வழிச்சு எடுத்துப்புடச் சொல்லு."

அக்காவும் அந்தப் பக்கம்தான் சாய்ந்தாள். பயம். புற்றுநோய் என்ற சொல் காதில் விழுந்த பிறகு 1.8 சென்டிமீட்டரா 8 சென்டிமீட்டரா என்று யாருக்கும் கணக்குப் பார்க்கத் தோன்றாது. நான் எழுதி வைத்த குறிப்புகளை எல்லாம் படித்துக் காட்டினேன், 52,173, 61,775 என்று. யாரும் கேட்கவில்லை. அத்தைதான் கடைசியில் பேசினார். மாமாவைப் பார்த்துச் சொன்னார்:

"நாப்பது வருஷம் மரம் வெட்டியிருக்கீங்க. பாதிப் பட்டையில தானே வெட்டுவோம்? சுத்தி வளைச்சு வெட்டினா மரம் என்னாகும்?"

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மரத்தின் சுற்றளவில் பாதிதான் வெட்டு, அந்தப் பக்கம் முடிந்தால் அடுத்த பக்கம், அதற்குள் முதல் பக்கம் பட்டை வளர்ந்துவிடும். ஆழமாகப் போட்டுவிட்டால் உள்மரத்தில் காயம் பட்டு அந்த இடம் புடைத்துப்போகும், திரும்ப அங்கே வெட்ட முடியாது. மாமா அதற்கு அப்புறம் எதுவும் சொல்லவில்லை. (தைராய்டு பட்டை மாதிரித் திரும்ப வளராது, அதையும் அக்காவிடம் சொல்லிவிட்டேன். மிச்சமிருக்கும் பாதியே போதுமான அளவு சுரக்கும், அல்லது மாத்திரை கொஞ்சம் துணைக்கு வரும்.)

அக்காவுக்கு ஆய்வுக்கூட அறிக்கை நன்றாக வந்தது, இரண்டாவது ஆபரேஷன் தேவைப்படவில்லை. மாத்திரை இல்லை. ஸ்கேனுக்கும் ரத்தச் சோதனைக்கும் போய் வருகிறாள். குரலுக்கு ஒன்றும் இல்லை, பிள்ளைகளைக் கூப்பிடும் சத்தம் மூன்று வீடு தள்ளிக் கேட்கிறது.

இதனால் எல்லோரும் பாதி பாதி என்று கேளுங்கள் என்று நான் சொல்லவில்லை. அடுத்த பக்கத்திலும் சந்தேகப்படும் கட்டி இருக்கிறவருக்குப் பாதி பொருந்தாது. ஸ்கேனுக்குத் தொடர்ந்து போக முடியாதவர் யோசிக்க வேண்டும். வழிகாட்டியை எழுதியவர்களுக்கு நம் ஊர் பஸ் தெரியாது, ஒரு அப்பாயின்மென்டுக்கு ஒருநாள் சம்பளம் போகும் என்பதும் தெரியாது, வருஷா வருஷம் தொடர்ந்து பார்க்கலாம் என்று அவர்கள் எழுதும்போது அது நமக்கு என்ன விலை என்பதை நாம்தான் டாக்டரிடம் வாய் திறந்து சொல்ல வேண்டும். அதே மாதிரி, தைராய்டு ஆபரேஷனை வருடத்துக்கு நிறைய செய்கிற கையா, எப்போதாவது செய்கிற கையா என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. நிறைய செய்கிறவர்களிடம் நரம்புக்கும் கால்சியத்துக்கும் வரும் சேதம் குறைவு.

தென்கொரியாவில் நடந்ததையும் சொல்ல வேண்டும். அங்கே கழுத்து ஸ்கேனை உடல் பரிசோதனையோடு சேர்த்துச் செய்யும் பழக்கம் பரவியது, 2011-இல் தைராய்டுப் புற்றுநோய் என்று கண்டுபிடிக்கப்பட்டவர்களின் விகிதம் 1993-இல் இருந்ததைப் போல 15 மடங்கு. இறப்பு விகிதம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. அதாவது தேடித் தேடி எடுத்ததில் பெரும்பாலானவை யாரையும் கொன்றிருக்காத கட்டிகள். ஆபரேஷன் செய்துகொண்ட 15,000-க்கும் மேற்பட்டவர்களின் காப்பீட்டுக் கணக்கைப் பார்த்தபோது 11 விழுக்காட்டினருக்குப் பாராதைராய்டு பழுது, 2 விழுக்காட்டினருக்குக் குரல் நாண் செயலிழப்பு. அந்த 11 என்ற எண்ணைப் படித்தபோது எனக்குக் காலடியில் விழுந்த வெட்டுக்கத்திதான் கண்ணில் வந்தது.

அத்தை ஒருநாள் கடைக்கே வந்து கேட்டார், மாத்திரை வாங்கிக்கொண்டு காசை எண்ணும்போது.

"எனக்கு இப்ப வந்திருந்தா பாதியோட விட்டிருப்பாங்களா ஆயி?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. "பெரும்பாலும் அப்படித்தான் அத்தை" என்றேன். கொஞ்ச நேரம் கவுண்டரில் கையை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு, "அன்னிக்கு அவங்களுக்குத் தெரிஞ்சது அதுதானே" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனார். முழுவதும் எடுத்ததில் அத்தைக்குக் கோபமில்லை, எனக்கும் இல்லை. குரலைப் பற்றி முன்கூட்டி ஒரு வார்த்தை, கால்சியத்தையும் தைராக்சினையும் பிரித்துப் போடுங்கள் என்று ஒரு வார்த்தை, அந்த இரண்டையும் சொல்ல எந்த வழிகாட்டியும் தடையாக இருக்கவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

போன மாதம் எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், ஒரு பெண், வயது 29, ஸ்கேன் அறிக்கையோடும் ஊசி வைத்து எடுத்த சோதனை முடிவோடும் வந்தாள். கட்டி 0.8 சென்டிமீட்டர். யாரோ அவளிடம் உடனே முழுவதும் எடுக்கச் சொல் என்றிருக்கிறார்கள். ஜப்பானில் கோபே நகரத்தில் குமா மருத்துவமனை என்று ஒன்று, 1993-இலிருந்து 1 சென்டிமீட்டருக்கு உட்பட்ட கட்டிகளை வெட்டாமல் ஸ்கேன் வைத்துக் கவனித்து வருகிறார்கள். அப்படிக் கவனித்த 1,235 பேரில் பத்து வருடத்தில் 3 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ வளர்ந்தது 8 விழுக்காடு, நெறிக்கட்டியில் தெரிந்தது 3.8 விழுக்காடு, தைராய்டுப் புற்றுநோயால் யாரும் சாகவில்லை. இதை அவளிடம் சொன்னேன். வயதானவர்களைவிட இளம் வயதில் வளரும் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல் என்பதையும், மூச்சுக்குழாயையோ குரல் நரம்பையோ ஒட்டி இருக்கும் கட்டியைச் சும்மா விட்டு வைக்க மாட்டார்கள் என்பதையும் சேர்த்தேதான் சொன்னேன், பாதியைச் சொல்லிப் பாதியை விடுவது சரியில்லை.

அவளுக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை அப்பாயின்மென்ட், நானும் கூடப் போகிறேன். மலாய் வாசிக்கத் தெரியும், ஆனால் டாக்டர் முன்னால் வாய் வராது என்றாள், அதனால் கேள்விகளைக் கடை பில்லின் பின்பக்கம் மலாயில் எழுதிக் கொடுத்தேன். கட்டி எந்த இடத்தில் இருக்கிறது, நரம்புக்குப் பக்கத்திலா? நெறிக்கட்டிகளையும் ஸ்கேனில் பார்த்தீர்களா? இப்போது வெட்டாமல் ஆறு மாதம் பார்த்தால் என்ன ஆகும்? வெட்டினால் செப்பாரோவா (பாதியா), செமுவாவா (முழுசா), ஏன்? கடைசிக் கேள்விக்குக் கீழே அவளே பேனாவை வாங்கி இரண்டு கோடு போட்டுக்கொண்டாள்.